தளத்தைத் தின்னும் நல்ல தண்ணீர்

 மும்பைப் பக்கத்து உல்லாஸ் ஆறு ராஜ்மாச்சி மலைப்பக்கம் பிறந்து, கர்ஜத், பத்லாபூர், கல்யாண் வழியாக ஓடி, தாணேயைத் தாண்டி, வசாய் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. கழிமுகத்தின் தென்கரையில் உத்தன், வடகரையில் வசாய் என்று கோலி மீனவர்களின் பழைய ஊர்கள் இருக்கின்றன. ஜூன் பிறந்ததும் இந்த ஊர்களிலும் வெர்சோவாவிலும் படகுகள் கரையேறிவிடும். மேலே தார்ப்பாயோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டுக் கட்டிவிடுவார்கள். படகு ஓய்வெடுக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மரப்படகின் மேல்தளம் அதிகமாகக் கெடுவதே அந்த ஓய்வுக் காலத்தில்தான். கடலில் அலை அடித்து உப்பு நீரில் ஊறிக் கிடக்கும் பத்து மாதத்தில் பிழைத்துக்கொள்ளும் பலகை, கரையில் மழை நீரில் நனையும் இரண்டு மாதத்தில் அழுகத் தொடங்குகிறது. பழைய படகின் தளத்தைப் புதுப்பிக்கப் போகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய உண்மை இது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான், அழுகிய தளத்தின் மேல் ஃபைபர் பூசி மூடிவிடும் தவறு துறைமுகம் துறைமுகமாக நடக்கிறது.

மரம் தானாக அழுகுவதில்லை. அதைத் தின்பது பூஞ்சை. மர இழைகளுக்கு வலுவைத் தருவது செல்லுலோஸ், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது லிக்னின். பழுப்பு அழுகல் பூஞ்சை செல்லுலோஸைக் கரைத்து உண்டுவிட்டு லிக்னினை விட்டுவிடும். மிச்சமிருக்கும் மரம் பழுப்பேறி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் மூக்குப்பொடி போல உதிரும். காய்ந்து கிடப்பதைப் பார்த்து இதை ‘உலர் அழுகல்’ என்று பெயரிட்டுவிட்டார்கள். அழுகும்போது அந்த மரம் ஈரமாகத்தான் இருந்தது. பூஞ்சைக்குத் தேவையானவை நான்கு: உணவு, காற்று, வெப்பம், ஈரம். உணவு மரமே. காற்றை யாராலும் தடுக்க முடியாது. வெப்பம் 25 முதல் 32 டிகிரி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம், மும்பையில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய அதே வெப்பம்தான். ஆக, நம் கையில் மிஞ்சுவது ஈரம் ஒன்றே. மரத்தின் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சையால் வேர்விட முடியாது. 30 சதவீதத்தை ஒட்டி, இழைச் சுவர்கள் நிறைந்து உள்ளே தண்ணீர் சொட்டாகத் தேங்கத் தொடங்கும்போது அது பரவ ஆரம்பிக்கும். எடையில் 5, 10 சதவீதம் குறைவதற்குள்ளாகவே மரத்தின் வலுவில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். பார்வைக்குப் பலகை முழுதாக இருக்கும், காலை வைத்தால் உள்ளே இறங்கும்.

கடல் நீரிலும் ஈரம் இருக்கிறதே, அது ஏன் அழுகச் செய்வதில்லை? இதற்கு விடை நம் வீட்டுக் கருவாட்டில் இருக்கிறது. மீனில் உப்பு ஏறியதும், அதைக் கெடுக்க வரும் நுண்ணுயிரின் உடலிலிருந்து தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. கண்ணெதிரே ஈரம் இருந்தும் அதனால் குடிக்க முடியாது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தளத்தில் அடிக்கும் அலை வெயிலில் காயும்போது தண்ணீர் போய் உப்பு தங்கிவிடும், அடுத்த அலை இன்னும் கொஞ்சம் சேர்க்கும். இப்படிச் சேர்ந்த உப்புதான் பலகைக்குக் காவல். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் கட்டுவோர், கப்பலின் விலா மரங்களுக்கு இடையில் கல்லுப்பைக் கொட்டி அடைத்ததும், மாலுமிகள் தளத்தைக் கடல் நீர் ஊற்றிக் கழுவியதும் இந்த அறிவினால்தான். மழை பெய்யும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. உப்பு கரைந்து ஓடிவிடும், அந்த இடத்தில் பூஞ்சைக்கு ஏற்ற நல்ல தண்ணீர் வந்து உட்காரும். மழையில் நனைந்த கருவாடு என்ன ஆகும் என்பது எந்த மீனவப் பெண்ணுக்கும் தெரியும்.

சான்று வேண்டுமானால் போர்ட்ஸ்மத்துக்குப் போகலாம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலான ‘விக்டரி’ 1922-இல் கடலை விட்டு ஏறியது. அன்று முதல் உலர் துறையில்தான் நிற்கிறது. அலை அதைத் தொட்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் தளத்தின் இடுக்குகள் வழியே இறங்கிய மழைநீரும் பூஞ்சையும் வண்டுமாகச் சேர்ந்து அதன் மரத்தைத் தின்றுவிட்டன. 2022-இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்புக்காகக் கப்பலைச் சுற்றிச் சாரம் கட்டிக் கூரை போட்டுவிட்டுத்தான் பலகைகளைப் பிரித்தார்கள். அதே கடற்படையின் ‘குயின் சார்லட்’ 1810-இல் நீரில் இறக்கப்பட்ட சில காலத்திலேயே மேற்பகுதி அழுகிப்போனது. காய்ப்பதம் வராத மரத்தைக் காற்றோட்டம் இல்லாமல் அடைத்துக் கட்டியதன் விளைவு அது. காளான்களைப் படம் வரைந்து வகைப்படுத்திய இயற்கையியலாளர் ஜேம்ஸ் சவர்பியை அழைத்து, கப்பலுக்குள் முளைத்தவை என்னென்ன என்று பார்க்கச் சொல்லும் நிலை வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1817-இல், நம் பம்பாய்க் கப்பல் துறையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி இறக்கிய ‘டிரிங்கோமலி’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பெயர் நம் திருகோணமலைதான். தேக்கின் வயிர மரத்தில் எண்ணெய்ப் பசையும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாத வேதிப்பொருள்களும் ஊறியிருக்கின்றன. ஆனால் வயிரத்துக்கு மட்டும்தான் இந்தப் பெருமை. அதே தேக்கின் வெளிர்ந்த மேல்மரம் மற்ற மரங்களைப் போலவே அழுகும். புதுத் தளத்துக்குப் பலகை எடுப்பவர் தேக்கு என்ற பெயரை நம்பாமல், ஓரத்தில் வெளிர்நிறப் பட்டை ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. மும்பையில் இடிக்கப்படும் பழைய கட்டடங்களிலிருந்து வரும் தேக்கு உத்தரங்கள் இந்த வகையில் நல்ல சரக்கு.

கடல் நீர் மரத்துக்கு நல்லது என்றால், படகுகளை ஓட்டை ஓட்டையாக்கும் கப்பல் புழு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். ஓட்டையே உளியாக்கி மரத்தைக் குடையும். ஆனால் அது நீரில் மூழ்கிய மரத்தில்தான் வாழும். அடிப்பக்கத்துக்கு அது எமன், மேல்தளத்தை எட்டிப் பார்க்காது. ஒரே படகில் அடிப்பலகைக்குப் பகை உப்பு நீரில் இருக்கிறது, தளத்துக்குப் பகை நல்ல தண்ணீரில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தைப் பூசுவதால்தான் தவறு நேர்கிறது. உப்பைத் தாங்கும் மென்னழுகல் பூஞ்சைகளும் உண்டு. அவை மேற்பரப்பை மெதுவாகச் சுரண்டுமே தவிர, உத்தரத்தின் உயிரை எடுப்பதில்லை. உப்பின் உண்மையான குற்றம் வேறு. அது இரும்பை அரிக்கும். துருப்பிடிக்கும் ஆணியைச் சுற்றி உருவாகும் அமிலமும் காரமும் மரத்தையும் சேர்த்துக் கெடுக்கின்றன. பழைய தளத்தில் ஆணித்தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே மரம் ஆணியைப் பிடித்திருக்கவில்லை, வெறுமனே சுற்றி நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு மாற்று உப்பை விலக்குவதில் இல்லை. செம்பு ஆணியோ, கெட்டியாகத் துத்தநாகம் தோய்த்த ஆணியோ, தரமான ஸ்டெயின்லெஸ் திருகோ அடிப்பதில் இருக்கிறது.

மழையைத் தவிர நல்ல தண்ணீர் படகுக்குள் வரும் இன்னொரு வழியும் உண்டு. அது ஐஸ். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகு டன் கணக்கில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. அது உருகி வருவது நன்னீர். ஐஸ் அறைக்கு மேலே இருக்கும் தளப் பலகையின் அடிப்பக்கம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். கடற்காற்றின் ஈரம் அங்கே பட்டு வியர்வையாகத் துளிர்க்கும். மேலே வெயில், கீழே வியர்வை. பலகையை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கீழிருந்து உத்தரம் அழுகிக்கொண்டிருக்கும். தளத்தைப் பரிசோதிக்க வேண்டியது மேலே நடந்து பார்த்து அல்ல, ஐஸ் அறைக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்துத்தான். உத்தரத்தின் நுனிகள், பலகைகளின் முனைகள், தளமும் பக்கப் பலகையும் சேரும் ஓரம் ஆகிய இடங்களில் குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். மரத்தின் நீளவாக்கில் நீர் ஓடும் வேகம் குறுக்கே ஓடுவதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால் பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீர் குடிக்கும் வாய். அழுகல் எப்போதும் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது நாட்காட்டியைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் படகுத் தச்சர்களான ஓடாவிகள் தளத்தைப் பிரிக்கும்போது கத்திரி வெயில் காய்கிறது. பலகை காய்ந்து, பூச்சு ஒட்டி, இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து இறுகி, படகு மழைக்கு முன்பே கடலுக்குப் போய்விடும். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மும்பையின் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல், அதில் ஜூலை மாதம் மட்டுமே 800 மில்லிமீட்டரைத் தாண்டும். தூத்துக்குடியில் ஆண்டு முழுதும் பெய்வதை விட இது அதிகம். மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தையும் கடல் கொந்தளிப்பையும் பார்த்து வைத்த தேதிகள் அவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படகை வெட்டவெளியில் பிரிப்பதற்கு இதைவிட மோசமான இரண்டு மாதத்தைத் தேடினாலும் கிடைக்காது. பிரித்த உத்தரத்தின் மேல் மழை நேராக இறங்குகிறது. தட்டையாக விரித்த பிளாஸ்டிக்கும் உதவாது. இரவில் அதன் அடியில் வியர்த்து, பகலில் வெந்து, பூஞ்சைக்குப் பண்ணை அமைத்துக் கொடுத்துவிடும்.

பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் மற்றவை தெளிவாகும். தேக்கு முழு ஈரத்திலிருந்து முழுக்கக் காயும்போது, வளையங்களின் போக்கில் 5.8 சதவீதமும் வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். 15 சென்டிமீட்டர் அகலப் பலகை ஒன்றில் ஈரம் 10 சதவீதம் ஏறினால், வளையங்கள் படுத்தபடி அறுத்த பலகை சுமார் 3 மில்லிமீட்டர் விரியும். வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகை 1.25 மில்லிமீட்டர் மட்டும் விரியும். பத்துப் பலகை அகலத்துக்கு இது 3 சென்டிமீட்டருக்கும் 1.25 சென்டிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம். வளையம் நிமிர்ந்த பலகையே தளத்துக்கு வேண்டும் என்று பழைய ஓடாவிகள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு. கலப்பத்து அடிப்பதும் இதே கணக்கில் பிறந்ததுதான். இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமோ தாரோ ஊற்றினால், பலகை விரியும்போது திரி நசுங்கிக் கொடுக்கும், சுருங்கும்போது திரும்பப் பொங்கி அடைக்கும். மரம் அசையும் என்பதை ஒப்புக்கொண்டு அமைத்த மூட்டு அது.

ஃபைபர் பூச்சு மரம் அசையாது என்று நம்பிச் செய்வது. பழைய பலகைத் தளத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பாலியெஸ்டர் ரெசின் தடவினால், முதல் பருவத்தில் சொட்டு நீர் இறங்காது. செலவு குறைவு, வேலை நாலு நாளில் முடியும், வழுவழுப்பாகக் கழுவவும் எளிது. இந்த நன்மைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நஷ்டமாகும் ஒருவருக்கு நாலு நாள் என்பது பெரிய விஷயம். ஆனால் அடியில் பலகைகள் மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மேலே உள்ள ஓடு நகர மறுக்கிறது. இடுக்குக்கு நேர் மேலே மயிரிழை வெடிப்பு விடுகிறது. வலை இழுக்கும் வின்ச்சின் போல்ட், கம்பத்தின் அடி, மூடியின் விளிம்பு என்று ஓட்டில் துளைத்த ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வாசல். உள்ளே போகும் நீர் வெளியே வர வழியில்லை. மேலே அடைத்தாயிற்று, கீழே ஐஸ் அறையின் ஈரம். ஃபைபர் பூசாத தளத்தில் ஒழுகும் இடம் தெரியும், அங்கே அழுகுவதற்கு முன் அடைக்கலாம். பூசிய தளத்தில் மேலே பளபளப்பு இருக்கும்போதே கீழே மரம் மண்ணாகியிருக்கும். ஈர மரத்திலும் எண்ணெய்ப் பசையுள்ள தேக்கிலும் பாலியெஸ்டர் சரியாகப் பிடிப்பதுமில்லை. ஃபைபரே கூடாது என்பது என் வாதம் அல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், மருந்தேற்றிய ரப்பர் மரத்தில் ஃபைபர் போர்த்திய வள்ளங்களைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே மரம் மருந்தேறியது, காய்ந்தது, புதியது. அசைவு குறைந்த கடல்தர ப்ளைவுட்டில், காய்ந்த நிலையில், எப்பாக்ஸி கொண்டு பூசினாலும் நன்றாக உழைக்கும். பாதி அழுகிய, பாதி நனைந்த பழைய பலகையின் மேல் ஜூலை மாதத்தில் பூசுவதைத்தான் நான் தவறு என்கிறேன்.

ஜூலையில் மரம் காயவே காயாதா? இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஓர் அளவில் நின்றுவிடும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் சுமார் 13 சதவீதத்தில் நிற்கும். மழைக்காலத்து 85 சதவீதத்தில் அது 17, 18 சதவீதம் வரை ஏறும். மேலே சொன்ன 20 சதவீத எல்லைக்கு அது இன்னும் கீழேதான். அதாவது மும்பையின் மழைக்காற்று மட்டும் மரத்தை அழுகச் செய்யாது. மழைத்துளி நேரடியாக விழாமல் பார்த்துக்கொண்டு, காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி விட்டால் போதும், பூஞ்சை பட்டினி கிடக்கும். ரெசின் ஒட்டுவதற்கு அந்த 17, 18 சதவீதம் ஆகாது, 15-க்குக் கீழே வர வேண்டும். எனவே அழுகியதை வெட்டுவது, உத்தரம் மாற்றுவது, பலகை பொருத்துவது, கலப்பத்து அடிப்பது எல்லாம் கூரைக்கு அடியில் ஜூலையிலும் நடக்கலாம். ஒட்டுவதும் பூசுவதும் ஏப்ரல், மே வெயிலுக்கு உரியவை.

பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. தளம் வெறும் கூரை அல்ல, படகின் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்து நிறுத்துவது அதுதான். மூடியை வெட்டி எறிந்த அட்டைப் பெட்டி முறுகுவது போல, தளத்தை ஒரே நாளில் முழுக்கப் பிரித்த படகு பக்கவாட்டில் விரிந்துகொள்ளும். பிறகு புதுப் பலகையைப் பழைய அளவுக்குப் பொருத்தவே முடியாது. உத்தரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி, குறுக்குச் சட்டம் அடித்து, வங்குகள் என்னும் விலா மரங்கள் நகராமல் கட்டிவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அழுகலை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிறுத்தக் கூடாது. பூஞ்சையின் இழை அதற்கு அப்பாலும் ஓடியிருக்கும், ஒரு முழமாவது நல்ல மரத்துக்குள் போய் வெட்ட வேண்டும். மீதமிருக்கும் பழைய மரத்துக்கு போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் நல்ல மருந்து. ஈரமான மரத்திலேதான் அது ஆழமாகப் பரவும் என்பதால் மழைக்காலத்துக்குப் பொருத்தமானதும்கூட. நேரடி மழையில் கரைந்து போய்விடும் என்பதால் பின்னால் மேலே வண்ணமோ எண்ணெயோ பூச வேண்டும். புதுத் தளத்தின் நடுப்பகுதி சற்று உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும். வடிதுளைகள் சரிவின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். துளை ஒரு விரற்கடை உயரமாகப் போனால் அங்கே ஒரு குட்டை தேங்கும், அந்தக் குட்டைதான் அடுத்த அழுகலின் பிறப்பிடம்.

மரப்படகையே கைவிட்டு முழு ஃபைபருக்கோ எஃகுக்கோ மாறிவிடலாமே என்ற வாதம் கடைசியாக வரும். புதிதாகக் கட்டுபவர் அப்படி மாறுவதை நான் எதிர்க்கவில்லை. நல்ல மரம் அரிதாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. ஆனால் இன்று கடலில் இருக்கும் மரப்படகுகள் ஒரே இரவில் மறையப் போவதில்லை. அவற்றின் மேல் கடன் நிற்கிறது, குடும்பங்கள் நிற்கின்றன. ஃபைபர் படகு உடைந்த பிறகு அதை உருக்கவும் முடியாது, மட்கச் செய்யவும் முடியாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நல்ல அடிப்பலகையும் உறுதியான வங்கும் உள்ள ஒரு படகை, தளம் கெட்டுவிட்டது என்பதற்காக விறகுக்கு அனுப்புவது பெரிய விரயம்.

ஆகவே மகாராஷ்டிர மீன்வளத் துறையிடமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் கேட்க வேண்டியது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. படகு ஏற்றும் இடங்களில் பக்கம் திறந்த, உயரமான பொதுக் கூரைகள் போதும். கிழக்குக் கரைக்கு வெயில் இலவசமாகத் தருவதை மேற்குக் கரையில் கூரைதான் தர முடியும். அது வரும் வரை, படகு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை உண்டு. தார்ப்பாயைத் தளத்தின் மேல் படரவிடாமல் நடுவில் மூங்கில் நட்டுக் கூடாரமாகத் தூக்கிக் கட்டுங்கள், இரு முனையும் திறந்திருக்கட்டும். ஐஸ் அறையின் மூடியைத் திறந்து வையுங்கள். கரையேற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தளத்தைக் கடல் நீரால் கழுவுங்கள். ஃபைபர் பூச ஆள் வந்தால், பலகையில் ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 15-க்கு மேல் காட்டினால் அவரை மே மாதம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.